வளையம் வராமல் கோச்சி வெளிக்கிடாது

என் அன்புக்கும், தற்சமயம் என் கோபத்துக்கும் உரிய அத்தானுக்கு,

கீழ்வரும் முறைப்பாடுகளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நாள்வாரியாகவே தருகிறேன். பிற்பாடு ஞாபகம் இல்லை என்று சொல்லத் தங்களுக்கு இடம் வைக்கக்கூடாது.

1. தைப்பொங்கலை அடுத்த சனிக்கிழமை: எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்ற, அரை நூற்றாண்டாக நான் கட்டிக்காத்த இரகசியத்தை, என் அனுமதியின்றிச் சங்கக்கடை மண்டபத்தில் பகிரங்கப்படுத்தியமை.

2. மாசி மகத்துக்கு முந்திய சனிக்கிழமை: தேனீக்களைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டு, நான் தேன்கூட்டின் அறுகோணத்துக்கு வந்த கணமே, “மச்சான், இது கணக்கு” என்று வாக்கியத்தின் நடுவில் பேச்சுரிமையைப் பறித்தமை.

3. சித்திரை வருடப்பிறப்புக்குப் பின் வந்த சனிக்கிழமை: “எனக்குப் பிறகு இவன்தான் ஸ்டேஷன் மாஸ்டர்” என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தமை. நியமனக் கடிதம் தரப்படவில்லை. சம்மதமும் கேட்கப்படவில்லை.

4. வைகாசியில், அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு முந்திய சனிக்கிழமை: வளையத்தை ஏறாவூர் இஸ்மாயில் காக்காவின் தோளில் மாட்டிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் வீட்டுக்குப் போனமை.

5. அதற்கடுத்த வியாழக்கிழமை, பகற்சாப்பாட்டுக்குப் பின்: முன்னறிவித்தல் எதுவுமின்றி இறந்துபோனமை.

ஐந்தாவது முறைப்பாடே பாரதூரமானது. முதல் நான்கையும் பேசித் தீர்த்திருக்கலாம், பேசுவதற்கு ஆள் இருந்திருந்தால்.

‘தாங்கள்’ என்று எழுதிக்கொண்டே போகக் கை மறுக்கிறது. இனி ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். கோபம் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம்.

உங்கள் முப்பத்தோராம் நாளன்று கொடுக்கும் நினைவு மலரில் இக்கடிதம் அச்சாகிறது. “கடதாசித் தட்டுப்பாடு சேர், ரெண்டு பக்கத்துக்குள்ள முடிச்சிருங்க” என்றார் அச்சகத்துக்காரர். அத்தானோடு எனக்குள்ள வழக்கு இரண்டு பக்கத்தில் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். மலரைக் கையில் வைத்திருக்கும் வெளியூர் உறவினருக்காக, உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் நான் சொல்லவேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததையே யாராவது சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். விடுங்கள்.

ஸ்டேஷன் மாஸ்டரான நீங்கள் ஓய்வுபெறுவதற்கு முன்பே உங்கள் கோச்சி, அந்த றெயில், ஓய்வுபெற்றுவிட்டது. சண்டை மூண்டு, ஸ்டேஷனில் மணல்மூட்டை அடுக்கினார்கள். தண்டவாளம் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயிற்று. நீங்கள் தொப்பியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஒரு கிழமை முழுக்க முற்றத்தில் நடந்தீர்கள். பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

“மச்சான், ரிட்டயர் ஆன மனிசனுக்கு வீட்டில ரெண்டு வேலதான். ஒண்டு, றேடியோவுக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு செத்தவங்கட கணக்குக் கேக்கிறது. மற்றது, பொஞ்சாதிக்குக் கறி வைக்கப் படிப்பிக்கிறது. ரெண்டும் ஒடம்புக்குக் கூடா.”

“ரெண்டாவது கூடாதெண்டு இப்பவாவது விளங்கிச்சே” என்று உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அக்கா சொன்னார்.

அப்படித்தான் நமது வட்டம் தொடங்கியது. வேலை முடிந்தவர்கள் கூடி ஒருவருக்கொருவர் படிப்பிப்பது, படிப்பது, தேத்தண்ணி குடிப்பது. ‘ஓய்வுபெற்றோர் கல்வி மன்றம்’ என்று நான் ஒரு பெயர் தந்தேன். நீங்கள் ‘நாலு மணிக் கோச்சி’ என்று வைத்தீர்கள். இஸ்மாயில் காக்கா அசர் தொழுதுவிட்டு ஏறாவூரிலிருந்து வந்துசேர நாலு மணியாகும் என்பதால் நாலு மணி. வெள்ளிக்கிழமை அவருக்கு ஆகாது, ஞாயிறு உங்களுக்கு நித்திரை என்பதால் சனி. இடம், எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையின் பின் மண்டபம். மா மூட்டை இல்லாத வாரங்களில் அங்கே இடம் தாராளம். அந்த நாட்களில் பெரும்பாலும் மா மூட்டை இருக்கவில்லை.

ஆட்களையும் சொல்லிவிடுகிறேன். இஸ்மாயில் காக்கா ஏறாவூரில் தபாலதிபராக இருந்தவர். பாக்கியம் மிஸ்ஸி வந்தாறுமூலைக்காரர், மருத்துவமாது. இந்தப் பகுதியில் நாற்பது வயதுக்குக் குறைந்த எவரும் அவர் முன்னால் அதிகம் பேசுவதில்லை, முதலில் கண்டவர் அவர் என்பதால். மூன்றாமவர் கிரான் போடியார். வயல்காரருக்கு ஓய்வு ஏது, இவரை எப்படிச் சேர்ப்பது என்று நான் ஆட்சேபித்தேன். போடியார் எழுந்து நின்றார்.

“என்ட வயல் வட்டை முழுக்க மிதிவெடி கிடக்கு, சேர். நெல்லு விதைச்ச இடத்தில ஆரோ வேற விதைச்சிற்றாங்க. என்னச் சண்டை ரிட்டயர் பண்ணிற்று. பென்சன் மட்டும் இன்னும் வரல்ல.”

அவரைச் சேர்த்துக்கொண்டோம். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். அது வீதி திறந்திருப்பதைப் பொறுத்தது.

நீங்கள் போட்ட சட்டம் இரண்டு. முதலாவது, எவரும் தம் சொந்தத் தொழிலைப் பற்றிப் பேசலாகாது. “வாழ்நாளெல்லாம் அதத்தானே பேசினீங்க, போதும்” என்றீர்கள். கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்று முப்பது வருடம் படிப்பித்த நான், தேனீயைப் பற்றியும் கோழிக்கு வரும் நோயைப் பற்றியும் பேசினேன். மிஸ்ஸி நட்சத்திரங்களைப் பற்றிப் பேசினார். போடியார் சிங்கள எழுத்துப் படிப்பித்தார். யாரிடம் படித்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாவது சட்டம், வளையம். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு கோச்சிகள் எதிரெதிராக வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எஞ்சின் சாரதியின் கையில் ஒரு பிரம்பு வளையத்தைக் கொடுப்பார்கள். அதில் தொங்கும் தோல் பைக்குள் ஒரு தகடு இருக்கும். அது கையில் இருந்தால் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பாதை அவருடையது. இல்லாவிட்டால் சக்கரம் நகராது. அப்படியொரு பழைய வளையத்தை நீங்கள் மண்டபத்துக்குக் கொண்டுவந்தீர்கள். பேசுகிறவர் அதைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. வளையத்தைப் பறிக்கும் அதிகாரம் வட்டத்தின் ஸ்டேஷன் மாஸ்டருக்கு, அதாவது உங்களுக்கு, மட்டும். அதுவரையில் எனக்கும் சம்மதமே. நம் நாட்டுக் கூட்டங்களுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

நான் எதிர்த்தது அதன் பிற்பகுதியை. கூட்டம் முடியும்போது வளையம் எவர் தோளில் இருக்கிறதோ, அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த சனிக்கிழமை அவரே அதைக் கொண்டுவந்தால்தான் கூட்டம் தொடங்கும். “இது அறிவுக்கு ஒவ்வாதது” என்றேன். “அவருக்குக் காய்ச்சல் வந்தால்? சுற்றிவளைப்பில் அகப்பட்டால்? வீதியைப் பூட்டினால்?”

“அப்ப எல்லாருமாப் போய் அவரப் பாப்பம்” என்றீர்கள்.

போனோம். மிஸ்ஸி காய்ச்சலில் கிடந்தபோது அவருடைய கட்டிலைச் சுற்றிக் கதிரை போட்டுக் கூட்டம் நடத்தினோம். அவர் குணமாகாமலே எழும்பி எங்களைத் துரத்தினார். இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில் போடியாரைப் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தியபோது, நாங்கள் எல்லோரும் வாசல் படலையில் போய் நின்றோம். நீங்கள் உங்கள் றெயில்வேச் சிங்களத்தில் அதிகாரியிடம் பேசினீர்கள். வளையம் அந்தக் கிழவரிடம் இருக்கிறது, அது வராமல் கோச்சி வெளிக்கிடாது என்றீர்கள். அந்த அதிகாரியின் மாமனார் றெயில்வேயில் இருந்தவராம். ஒரு கிழவரும் ஒரு வளையமும் வெளியே வந்தார்கள். “என்ன ஆரெண்டும் கேக்கல்ல, வளையம் எங்க எண்டுதான் கேட்டான்” என்று போடியார் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

துவக்கோடு ஒரு தம்பி மண்டபத்துக்கு வந்த நாளும் நினைவிருக்கிறதா? எந்தப் பக்கத்துத் தம்பி என்று இங்கே எழுதமாட்டேன். அச்சகத்துக்காரருக்கும் குடும்பம் உண்டு. இங்கே என்ன கூட்டம், என்ன பேசுகிறீர்கள் என்று அதட்டினான். நீங்கள் வளையத்தை அவன் தோளில் மாட்டினீர்கள். “இப்ப நீங்க பேசலாம், தம்பி. எவ்வளவு நேரமெண்டாலும் பேசலாம். ஒங்கட வேலையப் பத்தி மட்டும் பேசப்படா.” அவன் வெகுநேரம் நின்றான். ஒரு தோளில் துவக்கு, மறுதோளில் வளையம். பிறகு, நண்டுக் கறிக்கு முருங்கையிலையை எந்த நேரத்தில் போடவேண்டும் என்று தன் உம்மாவோ அம்மாவோ சொன்னதைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். மிஸ்ஸி இன்றும் அப்படித்தான் சமைக்கிறார்.

முதலாம் முறைப்பாட்டுக்கு வருகிறேன். என் சைக்கிள் விவகாரத்தை நீங்கள் போட்டுடைத்ததும், எனக்குப் படிப்பிக்க இஸ்மாயில் காக்கா முன்வந்தார். தபால் ஆள் சைக்கிள் படிப்பிப்பது சொந்தத் தொழில் ஆகாதா என்று நான் சட்டம் பேசிப் பார்த்தேன். “தபால்காரன்தான் சைக்கிள்ல ஓடுவான், சேர். தபாலதிபர் கதிரையிலதான் ஓடுறது” என்றார் காக்கா. பள்ளிக்கூட மைதானத்தில், அவர் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, நீங்கள் மூவரும் மரத்தடியில் கச்சான் கடலை கொறித்தபடி தீர்ப்புச் சொன்னீர்கள்.

“சேர், முன்னுக்குப் பாருங்க, முன்னுக்கு! சில்லப் பாக்காதீங்க!”

“காக்கா, விட்டிராதீங்க!”

“நான் எப்பயோ விட்டுட்டன், சேர்!”

குளிர்த்திக்கு முந்திய அந்தச் சனிக்கிழமைக்குள் எனக்கு ஏறவும் ஓடவும் வந்துவிட்டது. இறங்க வரவில்லை. யாராவது பிடித்து நிறுத்தவேண்டும். “இறங்கிறது அடுத்த கிழமைப் பாடம்” என்றார் காக்கா. அன்று நீங்கள் வளையத்தை அவர் தோளில் மாட்டி அனுப்பினீர்கள். அடுத்த கிழமை என்று ஒன்று வரவில்லை.

அந்த வாரம் வீதியில் நடந்ததை நான் எழுதவில்லை. எங்கள் ஊரிலும் ஏறாவூரிலும் ஆட்களை அடக்கம் செய்தார்கள். இரண்டு ஊரிலும் கடைகளைப் பூட்டினார்கள். எல்லைப் புளியமரத்துக்கு அங்கால் எங்களவர் போகவில்லை, இங்கால் அவர்கள் வரவில்லை. வியாழக்கிழமை நீங்கள் சாப்பிட்டுவிட்டு, நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்றீர்களாம். அக்கா வெந்நீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்தது. துவக்குக்கும் குண்டுக்கும் தப்பி, சொந்தக் கதிரையில், வயிறு நிறைந்து இறப்பது இந்தக் காலத்தில் ஒரு சலுகை என்று வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். அவர்களோடும் எனக்குக் கோபம். உங்கள் சாவு வீட்டுக்கு இஸ்மாயில் காக்கா வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்தபின் போடியார் என்னைத் தனியே கூப்பிட்டார். பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். உள்ளே ஒரு புதுப் பிரம்பு வளையம்.

“நானே வளைச்சன், சேர். இதையும் வளையமெண்டு வைச்சுத் தொடங்குவமா? ஏறாவூர்ப் பாதை திறக்குமெண்டு எனக்குத் தோணல்ல.”

பக்கத்தில் நின்ற உறவினர் ஒருவர், மாஸ்டரோடு வட்டத்தையும் மரியாதையாக மூடிவிடுவதே நல்லது என்றார். இன்னொருவர், இனி நம்மவர்களோடு மட்டும் நடத்துங்கள், அவர்களுக்கும் அதுவே நிம்மதி என்றார். இரண்டும் நியாயமான யோசனைகள். நான் நியாயத்தையே வாழ்நாளெல்லாம் படிப்பித்தவன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“வளையம் வராமல் கோச்சி வெளிக்கிடாது” என்றேன்.

நான் எதிர்த்து வாக்களித்த சட்டத்தை, உங்கள் குரலில், உங்கள் சாவு வீட்டில் நின்று நானே சொன்னேன். இதைவிட ஒரு மனிதனுக்குக் கோபமூட்டும் காரியம் என்ன இருக்கிறது?

மறுநாள் காலை, அக்காவின் வளவில் சாத்தியிருந்த உங்கள் சைக்கிளை எடுத்தேன். அக்கா பின்னால் வந்தார். ஆசனத்தைப் பிடித்து ஏற்றிவிட்டு, “முன்னுக்குப் பாரு” என்று மட்டும் சொன்னார்.

ஏறாவூர் வீதியில் எனக்கு முன்னும் பின்னும் எவரும் இல்லை. ஒரு மாடு நின்றது, அதுவும் விலகிக்கொண்டது. புளியமரத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும் என்பது சட்டம். சட்டங்களை மதிப்பவன் நான். இறங்குவதுதான் எனக்கு இன்னும் எடுக்கப்படாத பாடம்.

“இறங்கு! இறங்கு!” என்று சிப்பாய் கத்தினான்.

“இறங்கத் தெரியாது!” என்று நான் மூன்று மொழிகளிலும் அறிவித்தேன்.

அங்கே அடுக்கியிருந்த மணல்மூட்டைகள் சண்டைக்கு எவ்வளவு பயன்பட்டன என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பயன்பட்டன. துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு சிப்பாய் என்னைத் தூக்கினான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கோபமோ என்று பார்த்தேன். சிரிப்பு.

“சீயா, கால் சரியா? நெத்தி ரத்தம் வாறது.”

சீயா என்றால் அவர்கள் மொழியில் தாத்தா. எனக்கு ஐம்பத்தாறு வயது. அதையும் அவனுக்கு மூன்று மொழிகளில் சொன்னேன். எங்கே போகிறேன் என்று கேட்டான். இறங்கப் படிக்கப் போகிறேன் என்றேன். உண்மைதானே? போகவிட்டான்.

இஸ்மாயில் காக்காவின் வீட்டில் கதவு பாதி திறந்து, பிறகு முழுதும் திறந்தது. வளையம் சுவரில், மணிக்கூட்டுக்குக் கீழே தொங்கியது. காக்கா என் நெற்றியைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

“யா அல்லாஹ்! ஓடியா வந்தீங்க, சேர்? நிப்பாட்டினது ஆரு?”

“ஆமிக்காரன்” என்றேன்.

சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்தார். “மாஸ்டர்ட முகத்தப் பாக்கக் கிடைக்கல்ல. இந்த வளவுக்குள்ள நிண்டுதான் பறச்சத்தத்தக் கேட்டன். சத்தம் தூரமாகக்குள்ள, இப்ப சுடலைக்குத் திரும்புறாங்க எண்டு நினைச்சு, நானும் அந்தப் பக்கம் திரும்பி நிண்டன்.”

 நான் சுவரடிக்குப் போய், வளையத்தைத் தாருங்கள், கொண்டுபோகிறேன் என்றேன்.

“தரமாட்டன்.”

“காக்கா?”

“வளையம் பார்சல் இல்ல, சேர், ஆளிட்டக் குடுத்து அனுப்ப. கொண்டுபோனவன்தான் கொண்டு வரணும். மாஸ்டர்ட சட்டம். ஹயாத்தோட, உசிரோட இருந்தா நான் கொண்டு வருவன்.”

இரத்தம் சிந்தி வந்தவனை உங்கள் சட்டத்தால் அடித்தார் பாருங்கள்! துணிக்கடை வைத்திருக்கும் அவர் மூத்த மகன் உள்ளேயிருந்து வந்தார். “கோவிக்காதீங்க, சேர். வாப்பாவ அங்கால விட எங்களுக்கு மனசு இல்ல. புளியடி மட்டும் நான் கூட்டிக்கொண்டு வாறன். அதுக்கு மேல ஒரு அடியும் இல்ல.” பிறகு என் சைக்கிள் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு, புளியடி வரை கூடவே நடந்து வந்து என்னை விட்டுப் போனார். அந்த வீதியில், அந்த நாளில். சிப்பாய் இம்முறை முன்கூட்டியே வந்து கைப்பிடியைப் பிடித்தான்.

என்னைக் கண்டதும் அக்கா சிரித்தார். நீங்கள் போன பிறகு அதுதான் முதல் தடவை. “அவர் இருந்திருந்தா இண்டைக்குச் சோறு தின்னமாட்டார். சிரிச்சே வயிறு நிறைஞ்சிரிக்கும்” என்று சொல்லிக்கொண்டே என் நெற்றியில் மருந்து வைத்தார்.

சென்ற சனிக்கிழமை மூன்றரை மணிக்கு மண்டபத்தில் கூடினோம். வளையம் புளியடிக்கு மட்டும் வரும் என்று நான் சொன்னதும், எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“கோச்சி ஸ்டேஷனுக்கு வர ஏலாட்டி?” என்று மிஸ்ஸி மெல்லக் கேட்டார்.

“ஸ்டேஷன் போகவேண்டியதுதான்” என்றேன்.

மண்டபத்தில் நாங்கள் உட்காரும் வாங்குகளைத் தூக்கினோம், அத்தான். போடியாரும் நானும் ஒரு வாங்கு. மிஸ்ஸியும் அக்காவும் இன்னொன்று. ஆம், அக்காவும் வந்தார். முப்பத்தொன்றுக்கு முன் வீட்டைவிட்டு வெளிக்கிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, “நான் எங்க வெளிக்கிட்டன்? அவர்ர ஸ்டேஷனுக்குத்தான் போறன்” என்றார். முழங்கால் வலிக்காரர்கள் ஊர்வலமாக வாங்கு சுமந்து வருவதைக் கண்டு, ஊர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. சிலர் திட்டினார்கள். ஒருவர் கதிரையொன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

“சீயா, கல்யாணமா?” என்று கேட்டான் என் சிப்பாய்.

“பள்ளிக்கூடம், மல்லி. கிழடுகட பள்ளிக்கூடம்” என்றார் மிஸ்ஸி, அவனை அவன் மொழியிலேயே தம்பி என்று கூப்பிட்டு. அவன் மேலதிகாரியிடம் ஓடிப்போய் வந்தான். அரை மணித்தியாலம் என்றான்.

நாலு மணிக்கு ஏறாவூர்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. நாலு மணி கழிந்தும் வெறுமை. போடியார் மடிமேல் வைத்திருந்த பொட்டலத்துக்குள் புது வளையத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், வெளியே எடுக்கவில்லை. பிறகு வீதியின் வளைவில் வெள்ளைத் தொப்பி ஒன்று தெரிந்தது. பக்கத்தில் மகன். தோளில் நமது வளையம்.

“மன்னிக்கணும், கோச்சி கொஞ்சம் லேட்” என்றார் காக்கா.

அன்று பேசவேண்டிய முறை உங்களுடையது. ஆகவே உங்களுக்காகக் கோச்சியைப் பற்றிப் பேசுவது என்று முடிவுசெய்தோம். உங்கள் சட்டப்படி அந்தத் தலைப்பில் நீங்கள் ஒருவர்தான் பேசமுடியாதவர். எத்தனை வருடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள்! போடியார் வளையத்தை மாட்டிக்கொண்டு, தயிர்ச் சட்டிகளோடு கொழும்புக்குப் போன கதையைச் சொன்னார். எஞ்சின் இரண்டு பக்கமும் பூட்டியிருக்கும், அதனால் கோச்சிக்குப் பின்பக்கமே கிடையாது என்றார். பிழை என்று எல்லோருக்கும் தெரியும். சரி எது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிழைபிழையாகப் பேசினோம், அத்தான். திருத்த ஆள் இல்லை.

அடுத்து மிஸ்ஸி. ஓடுகிற கோச்சியில், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், ஒரு பெண்ணுக்கு வலி வந்த கதை. “தலை தெரிஞ்சிற்று. நான் சொன்னன், புள்ள, இப்ப முக்காத…”

நான் எழுந்து வளையத்தைப் பறித்தேன்.

“மிஸ்ஸி, இது உங்கள் வேலை” என்றேன்.

 மிஸ்ஸி கைகொட்டிச் சிரித்தார். “பாருங்க, மாஸ்டரப் போலவே பறிக்கிறார்!” அக்கா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை பிறந்ததா என்பது இதுவரை எங்களுக்குத் தெரியாது. உங்கள் சட்டத்தால் வந்த வினை.

வளையம் என் தோளில் இருந்ததால் நானே பேசவேண்டியதாயிற்று. நான் பல்கலைக்கழகத்துக்குப் போன நாளைப் பற்றிப் பேசினேன். நீங்கள் அக்காவைக் கட்டிய புதிது. ஸ்டேஷன் மேடையில் புதுத் தொப்பியோடு நின்றீர்கள். அம்மா கட்டிய சோற்றுப் பொதி வந்து சேரவில்லை. சாரதி ஊதினார், கார்ட் ஊதினார். நீங்கள் பச்சைக்கொடியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றீர்கள். பொதி ஜன்னலுக்குள் வந்த பிறகே கொடி வெளியே வந்தது. ஒரு சோற்றுப் பொதிக்காக ஒரு கோச்சியை நிறுத்துவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அன்று நான் நன்றி சொல்லவில்லை. கோச்சி பிந்துகிறதே என்று கோபத்தில் இருந்தேன்.

கடைசியில் இஸ்மாயில் காக்கா வளையத்தை வாங்கினார். அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மாஸ்டர் அந்தக் கடைசிக் கோச்சிக்குப் பச்சைக்கொடி காட்டக்குள்ள, அது திரும்பி வராதெண்டு அவருக்குத் தெரிஞ்சிரிக்குமா?”

 அரை மணித்தியாலம் முடிந்தது என்று சிப்பாய் கையைக் காட்டினான். ஆனால் முடிந்துவிட்டது என்று சொல்ல அவனுக்கும் மனமில்லை என்று கண்டேன். காக்கா வளையத்தைக் கழற்றி என் தோளில் மாட்டினார். “அடுத்த கிழமை இறங்கிற பாடம், சேர்” என்று சொல்லிவிட்டு, மகனோடு வந்த வழியே போனார்.

வளையம் இப்போது என் வீட்டில், உங்கள் சைக்கிளின் கைப்பிடியில் தொங்குகிறது. வெறும் பிரம்பும் கிழிந்த தோல் பையும். யாரை யார் போய்ப் பார்க்கவேண்டும் என்று அது எங்களுக்குச் சொல்கிறது. அதைச் சொல்வதற்காகவே செய்தீர்களா? அன்று அதைக் காக்காவின் தோளில் மாட்டியபோது உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? காக்காவின் கேள்வியும் என் கேள்வியும் ஒன்றே என்று இப்போது விளங்குகிறது.

ஆகவே, மேற்படி கேள்விக்கான தங்கள் பதில், எழுத்து மூலம், வருகிற சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு முன்னதாக, எல்லைப் புளியமரத்தடியில் எனக்குக் கிடைக்கவேண்டும். கால நீடிப்பு வழங்கப்படமாட்டாது. பதில் வந்தால் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன். வராவிட்டால், வழக்கம்போல் தாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன். எப்படியாயினும் கோச்சி வெளிக்கிடும். வளையம் என்னிடம் இருக்கிறது, நானே கொண்டுபோவேன். இது தங்களுக்கு நான் தரும் வாக்கு.

இங்ஙனம்,
தங்கள் பெண்சாதியின் தம்பி,
இன்னும் இறங்கப் படிக்காத மச்சான்.